பாதியில் நின்றுபோன சிறுகதையை எழுதி முடிப்பது எப்படி

சிறுகதை ஒன்றைத் தொடங்குவதற்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. ஒரு முகம், யாரோ பேருந்தில் சொன்ன ஒரு சொல், ஊரில் கேள்விப்பட்ட ஒரு சாவு போதும். முதல் இரண்டு பக்கங்கள் தாமாகவே வந்துவிடும். துணை தேவைப்படுவது மூன்றாம் பக்கத்தில்தான். மனத்துக்குள் அவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த கதை தாளில் இறங்கியதும் உயிரற்றுக் கிடப்பதைப் பார்த்து, இது நமக்கு வராது என்று நோட்டை மூடிவைத்தவர்கள் பலரை அறிவேன். நானும் அப்படி மூடிவைத்திருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து அந்த நோட்டுகளைத் திறந்து பார்த்தபோது, சில கதைகளில் நின்றுபோனது வாக்கியம், சிலவற்றில் ஆள், சிலவற்றில் நானே என்பது தெரிந்தது. எல்லாச் சோர்வையும் ஒரே சோர்வாக எண்ணியிருந்ததால் எதற்கும் மருந்து தேடாமல் விட்டிருந்தேன். ஆகவே, ஒரு கதை நின்றுபோனால், அதில் நின்றது எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

அதற்கு எளிய வழி, எழுதிய பக்கங்களைத் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பது. கண் படிக்கும்போது, நாம் எழுத நினைத்ததையே மனம் படித்துக்கொள்ளும். காதுக்கு எழுதியிருப்பது மட்டுமே கேட்கும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், ‘வந்தான். உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். குடித்தான்’ என்று வரிகள் ஒரே ஓசையில் முடிந்துகொண்டே போகும். அதைத் தவிர்ப்பதாக நினைத்து, ‘வந்து, உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, குடித்துவிட்டு’ என்று எல்லாவற்றையும் எச்சமாக நீட்டினால், ஓசை மாறுமே தவிர, எந்தச் செயல் முக்கியமானது என்பது தொலைந்துபோகும். அந்த வீட்டில் அவன் தண்ணீர் கேட்டதுதான் கதை என்றால், அந்த ஒரு செயலுக்கு மட்டும் தனி வாக்கியம் கொடுத்துவிட்டு, மற்றவற்றை எச்சங்களுக்குள் ஒடுக்குங்கள். சில இடங்களில் வினையே வேண்டியிருக்காது: ‘திண்ணையில் ஒரு செம்பு. அதில் பாதித் தண்ணீர்.’ இதற்குமேல் அங்கே எதுவும் சொல்லத் தேவையில்லை என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.

வாய்விட்டுப் படிக்கும்போதுதான் மரியாதை விகுதியில் உள்ள தடுமாற்றமும் தெரியும். ஒரு கிழவரைக் கதைசொல்லி ‘அவன்’ என்கிறாரா, ‘அவர்’ என்கிறாரா, அல்லது ‘தாத்தா’ என்று உறவுமுறையாலேயே சொல்லிச் செல்கிறாரா என்பது சிறிய இலக்கணத் தேர்வுபோலத் தோன்றலாம். ஆனால் கதைசொல்லியின் வயது, அவர் எந்தத் தெருவில் நின்று பார்க்கிறார், அந்தக் கிழவரோடு அவருக்கு என்ன உறவு, யாரை ஒருமையில் அழைக்க அவர் பழக்கப்பட்டிருக்கிறார் என்பதையெல்லாம் அந்த ஓர் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். நின்றுபோன கதைகளில் பாதி, கதைசொல்லி யார் என்று எழுதியவரே முடிவு செய்யாததால் நின்றவை என்பது என் கணிப்பு. அப்படிப்பட்ட கதையில் முதல் பக்கத்தை மட்டும் எடுத்து, ஒரு முறை ‘அவன்’ என்றும், ஒரு முறை ‘அவர்’ என்றும், ஒரு முறை உறவுப்பெயரை வைத்தும் எழுதிப் பாருங்கள். எந்த வடிவத்தில் அடுத்த வரி தானாக எழுந்து வருகிறதோ, அதுவே உங்கள் கதைசொல்லியின் குரல்.

உரையாடலுக்கு ஒரு தனித்தாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் ‘வந்தாக’ என்று பேசிய ஆச்சி ஆறாம் பக்கத்தில் ‘வந்தாங்க’ என்று பேசினால், அந்த ஊரைச் சேர்ந்த வாசகர் அங்கேயே கதையைவிட்டு வெளியேறிவிடுவார். எந்தப் பாத்திரம் எந்தச் சொல்லை எப்படிச் சொல்லும் என்று அந்தத் தாளில் எழுதிவைத்தால், திருத்தும்போது தடுமாற்றம் இருக்காது. ஒலிப்பு முழுவதையும் எழுத்தில் கொண்டுவர முயல வேண்டாம், படிப்பதற்கே கடினமாகிவிடும். அந்த ஆளை அடையாளம் காட்டும் இரண்டு மூன்று சொற்களும் விகுதிகளும் போதும். மற்றபடி, ‘நெஞ்சு கனத்தது’, ‘கண்கள் குளமாயின’ போன்ற ஆயத்தச் சொற்களைக் கண்டால் அடித்துவிடுங்கள்.

வாக்கியங்களெல்லாம் சரியாக இருந்தும் கதை நகரவில்லை என்றால், நின்றது ஆள். இதை எனக்குக் கற்றுத்தந்தது என் பெரியப்பாவைப் பற்றி எழுதிய ஒரு கதை. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊருக்குள் மோட்டார் சைக்கிள்கள் பெருகி, கடை மெல்ல மெல்ல வெறுமையாகிப்போனதை எழுத நினைத்தேன். நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் ஐந்தாம் பக்கத்தில் நின்றேன். நான்கு வடிவங்களிலும் பெரியப்பா வருந்திக்கொண்டே இருந்தார். வருத்தம் என்னுடையது, அவருடையதல்ல என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

பிறகு, கதையைத் தொடாமல், அவரைப் பற்றி எனக்கு நினைவிருந்ததை மட்டும் தனியாக எழுதினேன். சக்கரத்தில் பெண்டு எடுக்கும்போது, விளிம்பருகே சாக்குக்கட்டியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, வெள்ளைக் கோடு விழுந்த இடத்தில் போக்ஸ் கம்பிகளை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருப்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். பணக்காரர் ஒருவர் அவசரப்படுத்தியபோது, வண்டியை அப்படியே அவரிடம் தள்ளிக் கொடுத்துவிட்டார். இதை எழுதிய பிறகுதான், நான் அவருடைய வறுமையை எழுதிக்கொண்டிருந்தேன், கர்வத்தை விட்டுவிட்டேன் என்பது விளங்கியது. ஐந்தாம் வடிவத்தில், கடைக்கு யாருமே வராத ஒரு நாளில், சரியாகவே சுற்றிக்கொண்டிருந்த தம் சொந்தச் சக்கரத்தைக் கழற்றி அவர் பெண்டு பார்க்கத் தொடங்கினார். நான் திட்டமிட்டிருந்த செயலல்ல அது. அந்த வரி வந்த இரவில் நெடுநேரம் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் சரியாகப் பேசியேயிராத ஒரு மனிதரை அவர் இறந்தபின் முதன்முறையாக அறிந்துகொண்டதுபோல் இருந்தது. எழுத்து தரும் பலன் என்று என்னிடம் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே, ஆள் நின்றுபோன இடத்தில் கதையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆளின் கைகள் என்ன வேலை செய்யும், எதற்குக் கோபம் வரும், எதில் விட்டுக்கொடுக்கமாட்டார் என்பவற்றை இரண்டு பக்கங்கள் எழுதுங்கள். அவை கதையில் வர வேண்டும் என்பதில்லை.

எழுதி முடித்த வடிவத்தைக் குறைந்தது மூன்று வாரமாவது கண்ணில் படாமல் வையுங்கள். பிறகு ஒரே ஒரு வாசகரிடம் கொடுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், அன்புள்ளவர்கள் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். ‘எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது?’ என்று கேளுங்கள். அவர் காட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு அவர் சொல்லும் காரணம் சரியாக இருக்க வேண்டியதில்லை. காரணத்தை நீங்கள் தேடிக்கொள்ளுங்கள்.

இனி, எழுதுபவரே நின்றுபோவது. கதையை இதழுக்கு அனுப்பிய பின் வரும் மௌனத்தைப் போல மனத்தை அரிப்பது வேறில்லை. ‘கிடைத்தது’ என்றுகூடப் பதில் வராத மாதங்களை எதிர்பார்த்தே அனுப்ப வேண்டும். பணத்தைக் கணக்கிட்டும் எழுத முடியாது: 200 ரூபாய் விலையுள்ள தொகுப்பு 500 படிகள் விற்று, 10 விழுக்காடு உரிமைத்தொகை ஒழுங்காகக் கைக்கு வந்தாலும், பல ஆண்டு உழைப்புக்கு 10,000 ரூபாய்தான். இந்தக் கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, வருமானத்துக்கு வேறு வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

ப. சிங்காரம் மதுரையில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ பதிப்பாளர் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1972இல் வெளிவந்தது. வந்த பின்னும் அன்று அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக அதை வைக்கிறோம். காலம் கடந்தாலும் மதிப்பு வந்து சேரும் என்பதற்கு ஆறுதலாக இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. அதற்குப் பின் அவர் மூன்றாவது நாவல் எழுதவில்லை என்பதுதான் எனக்கு உறைக்கிறது. மௌனம் ஒரு பெரிய எழுத்தாளரைக்கூட நிறுத்திவிடும். எனவே அதைத் தனியாகத் தாங்க முயலாதீர்கள்.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, கைப்பணத்தை இழந்தும், புத்தகங்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றும், 1970 வரை அதை நடத்தினார். மற்ற இதழ்களில் இடம் கிடைக்காத புதுக்கவிதை ஒன்றுகூடி வளர அங்கே ஓரிடம் இருந்தது. நமக்கு இதழ் நடத்த வேண்டிய அவசியம் இல்லை. மாதம் ஒரு முறை ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ நூலக அறையிலோ கூடி, ஆளுக்கு ஐந்து பக்கம் படித்துக் காட்டும் நான்கு பேர் இருந்தாலே போதும். படிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது என்பதற்காகவே நின்ற கதைகளை முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெதுவாக எழுதுவதைத் தோல்வியாகவும் எண்ண வேண்டாம். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் வெளிவந்தது 1966இல், இரண்டாவது 1981இல்.

அனுப்பும்போது, ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பிய தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து ஒரு முறை பணிவாகக் கேட்டு, பதில் இல்லையென்றால் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அதற்கு முன்பே அடுத்த கதையின் முதல் பக்கமாவது மேசைமேல் இருக்கட்டும். கையில் வேலை இருப்பவருக்குக் காத்திருப்பது அவ்வளவு கடினமாக இருக்காது. கதை அச்சாகி வந்தால், அன்றைய மகிழ்ச்சி ஆறிய பின், பென்சிலோடு உட்கார்ந்து இதழில் நேர்ந்த பிழைகளையும், இப்போது உங்களுக்கே உறுத்தும் வரிகளையும் அந்தப் பக்கங்களிலேயே குறித்து, தொகுப்புக்காக எடுத்துவையுங்கள்.