எவோராவை ஒரே பகலில் பார்ப்பது எப்படி

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், கடற்கரையை விட்டு விலகிய அலென்தேஜுச் சமவெளியில், ஒரு மேட்டின் மீது அமைந்திருக்கிறது எவோரா. மதிலுக்குள் அடங்கிய இப்பழைய நகரம் 1986இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வருபவர்களில் பலர் ரோமானியக் கோயிலையும், மனித எலும்புகளைச் சுவரில் அடுக்கிய எலும்புச் சிற்றாலயத்தையும் படம் பிடித்துக்கொண்டு மதியத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். கட்டடங்களைப் பார்ப்பதற்கென்றே வருபவர், ஊருக்குள் தண்ணீர் வந்த வழியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நகரம் உருவான விதம் தானாகவே விளங்கும்.

லிஸ்பனிலிருந்து பேருந்தில் வந்தாலும் ரயிலில் வந்தாலும் பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். எனினும் காலையில் பேருந்தில் வந்து, மாலையில் ரயிலில் திரும்புவதையே பரிந்துரைப்பேன். பேருந்து நிலையம் மதிலுக்கு வெளியே மேற்கிலும், ரயில் நிலையம் தெற்கிலும் இருப்பதால், சென்ற வழியே திரும்பி நடக்காமல் ஊரைக் குறுக்காகக் கடந்துவிடலாம். ரயில்கள் நாளொன்றுக்குச் சிலவே ஓடுகின்றன. ஆகவே திரும்பும் நேரத்தை முன்னதாகவே குறித்துக்கொள்ள வேண்டும். கோடையில் இந்தச் சமவெளியின் வெயில் கடுமையானது. அப்போது முதல் பேருந்தைத் தவற விடக்கூடாது.

பேருந்தை விட்டு இறங்கியதும் ஊருக்குள் நுழைந்துவிடாமல், மதிலை ஒட்டி வடக்கு நோக்கி நடக்க வேண்டும். வடமேற்கு மூலையை நெருங்கும்போது, வயல்வெளியைத் தாண்டி வந்து மதிலைக் கடக்கும் உயரமான வளைவுகள் தென்படும். ‘வெள்ளித் தண்ணீர்’ என்று பொருள்படும் ‘ஆகுவா தெ பிராத்தா’ என்ற பெயருடைய, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த இந்தத் தொட்டிப்பாலம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுடையது. மன்னர் மூன்றாம் ஜுவாவின் ஆணைப்படி இதைக் கட்டி 1537இல் முடித்தவர், லிஸ்பனின் பெலேம் கோபுரத்தை வடிவமைத்த பிரான்சிஷ்கு தெ அருடா. மதிலுக்குள் நுழைந்ததும் ‘ருவா தோ கானோ’ என்ற தெரு தொடங்குகிறது. குழாய்த் தெரு என்று அதைத் தமிழாக்கலாம். நீரோடும் மட்டம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க, கீழே தெரு மட்டும் மேடேறிச் செல்வதால், வெளியே அண்ணாந்து பார்த்த வளைவுகள் இங்கே அடிக்கு அடி குள்ளமாகிக்கொண்டே போகின்றன. அந்த வளைவுகளின் வெற்றிடத்தைச் சுவர் வைத்து அடைத்து, கதவும் சன்னலும் பொருத்தி, மக்கள் வீடுகளாக்கிக்கொண்டார்கள். முதலில் இரண்டு மாடி கொள்ளுமளவு இருந்த வளைவு, தெருவின் மறுமுனையில் ஒரு வாசற்படி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஒரு வீட்டின் எதிரே நின்று, வெள்ளையடித்த சுவர் எங்கே முடிகிறது, பழைய கருங்கல் தூண் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரத்தைத் தாராளமாக ஒதுக்கலாம்.

அங்கிருந்து ஊரின் உச்சிக்கு ஏறினால் ரோமானியக் கோயில் வந்துவிடும். கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டப்பட்ட இதனை ரோமானியப் பெண்தெய்வத்தின் பெயரால் ‘டயானா கோயில்’ என்று அழைக்கும் வழக்கம் மிகப் பிற்காலத்தில் வந்தது. ரோமப் பேரரசரைத் தெய்வமாக வழிபடுவதற்காகவே இது எழுப்பப்பட்டது என்பதே ஆய்வாளர்கள் கருத்து. நிற்கும் 14 தூண்களிலும் பார்க்க வேண்டிய இடம், தண்டும் தலைப்பும் சேரும் மூட்டுதான். தண்டுகள் கருங்கல், இலைக்கொத்துகள் செதுக்கிய தலைப்புகளும் அடிப்பீடங்களும் அண்மையிலுள்ள எஷ்ட்ரமோஸ் பகுதியின் பளிங்கு. பரும்படியான மணிகள் கொண்ட கருங்கல்லில் அத்தனை நுணுக்கமான இலை விளிம்பைக் கொண்டுவருவது எளிதன்று. இடைக்காலத்தில் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பிக் கோயிலை இறைச்சிக்கூடமாக்கிவிட்டார்கள். 1836 வரை அது அப்படியே பயன்பட்டது. அந்தச் சுவர்தான் தூண்களை விழாமல் காப்பாற்றியது என்பது வேடிக்கையான உண்மை. கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் நீர்த்தடாகம் இருந்ததையும் அகழாய்வு வெளிப்படுத்தியிருக்கிறது.

சில அடி தூரத்திலேயே பேராலயம் இருக்கிறது. 1186இல் தொடங்கப்பட்ட இதன் முகப்பில் இரு கோபுரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்பதை முதலில் கவனிக்கலாம். உள்ளே கருங்கல் சுவரெங்கும் வெண்கோடுகளாகத் தெரியும் கல் இணைப்புகளின் வழியே கண்ணை ஓட்டிச் சென்றால், பலிபீடப் பகுதியில் அந்த இருண்ட கருங்கல் சட்டென நின்று, பல வண்ணப் பளிங்கு தொடங்கும். அது 18ஆம் நூற்றாண்டில் லுடோவிசே என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் மாற்றிக் கட்டியது. மேல்தளத்துக்கான சீட்டையும் கண்டிப்பாக வாங்கிக்கொள்ள வேண்டும். மீன்செதில் போல் கல் அடுக்கிய நடுக்கோபுரத்தை அங்கேதான் கிட்டத்தில் காண முடியும்.

உச்சிவெயில் நேரத்தை 1559இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் நிழல் முற்றத்துக்கு ஒதுக்கலாம். வகுப்பறைச் சுவர்களில் பதித்த நீல வண்ண ஓடுகள், அந்தந்த அறையில் கற்பிக்கப்பட்ட பாடத்தையே காட்சிகளாகக் காட்டுகின்றன. பாடம் நடந்துகொண்டிருந்தால் அறைக்குள் எட்டிப் பார்க்காமல் காத்திருப்பதே முறை.

வெயில் தாழ்ந்ததும் ஜிரால்து சதுக்கத்துக்கு இறங்க வேண்டும். அங்குள்ள 1571ஆம் ஆண்டுப் பளிங்கு நீரூற்றின் எட்டு வாய்கள், சதுக்கத்தில் வந்து கூடும் எட்டுத் தெருக்களைக் குறிப்பவை என்பார்கள். காலையில் பார்த்த வளைவுகளின் மேலே ஓடி வந்த தண்ணீருக்கு இதுதான் சேருமிடமாக இருந்தது. செல்லும் வழியில் கிராசா தேவாலயத்தின் மேல் மூலைகளில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் நான்கு கல் பூதங்களைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கடைசியாகப் புனித பிரான்சிஸ் ஆலயத்தை வைத்துக்கொண்டால், அது ரயில் நிலையம் செல்லும் திசையிலேயே அமையும். அதனுடன் இணைந்த எலும்புச் சிற்றாலயத்தின் வாசலில், ‘இங்கிருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று பொறித்திருக்கிறது. உள்ளே மண்டையோடுகளை மட்டும் பார்த்துத் திகைத்து நின்றுவிடாமல், பக்கவாட்டுச் சிறு திறப்புகளின் வழியே மட்டும் ஒளி நுழையும்படி அமைத்திருப்பதையும், சுவரில் எலும்புகளை வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும் கொத்தனாரின் கைத்திறனையும் கவனிக்கலாம். இங்கிருந்து ரயில் நிலையம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நிதானமாக நடக்க இருபது நிமிடம் வைத்துக்கொண்டு கிளம்பினால் போதும்.