குழந்தைக்குப் பேதி, எனக்கு அலுவலகம்

வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், ஏழு மாத மகளுக்குப் பேதி பிடித்தது. பெங்களூரு அல்சூரில் நாங்கள் பார்க்கும் டாக்டர் சொன்ன முதல் விஷயம், உடம்பில் நீர் வற்றக் கூடாது என்பதுதான்.

ஓஆர்எஸ் (நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட், ஒரு லிட்டருக்கானது என்றால், முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கண்ணளவில் பாதிப் பாக்கெட் போடவே கூடாது, உப்பின் அளவு மாறிவிடும். 24 மணி நேரம் கடந்த மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஸ்பூனில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தபோதுதான் வாந்தி வராமல் தங்கியது. துத்தநாக மருந்தை, பேதி நின்ற பிறகும், 14 நாள் முடியும்வரை கொடுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா "பாலை நிறுத்தும்மா" என்றார். நிறுத்தவில்லை, பேதியின்போது தாய்ப்பால் இன்னும் அதிகம் தேவை.

நானும் கணவரும் பாதிப் பாதி நாளாக லீவு பிரித்துக்கொண்டோம். யார் வீட்டில் இருந்தாலும் சிறுநீர் போன நேரத்தை ஒரே நோட்டில் எழுதினோம். ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை, கண் குழி விழுகிறது, மலத்தில் ரத்தம், எழுப்பவே முடியாத சோர்வு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி என்று முடிவு செய்திருந்தோம்.

குணமானதும் அலுவலகக் காப்பகத்துக்கு அனுப்பினேன். 2017-இல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் தினமும் நான்கு முறை போய்வரலாம் என்று விதி கொண்டுவந்தது. இதை மேலாளருக்கு மெயிலில் எழுதிக் கேட்டேன். சரி என்றார். இப்போது பால் கொடுக்கும் நேரங்கள் என் காலண்டரில் மீட்டிங் போலவே பதிவாகியிருக்கின்றன.