கேமராவுக்கு ஒத்துவரும் சட்டை நிறம்: என் அனுபவம்

வெள்ளைச் சட்டை போட்டு வீடியோ எடுத்தால் என் முகம் இருண்டு போகும். விளக்கை இடம் மாற்றியும் பெரிய பலனில்லை. வெளிச்ச அளவைக் கேமரா தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ எக்ஸ்போஷர்தான் காரணம். மொத்தப் படத்தையும் சராசரியாக நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும் அது, வெள்ளைத் துணி நிறைய இடத்தை அடைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் சேர்த்தே இருட்டாக்கிவிடும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இதில் பாதிப்பு அதிகம். கறுப்புச் சட்டை என்றால் நேர் எதிர், முகம் வெளுத்துவிடும்.

மயில் நீலம், அரக்கு என்று நடுத்தர அடர்த்தியுள்ள வெற்று நிறங்களுக்கு மாறினேன். முகம் தெளிந்தது. வெள்ளைதான் போட்டாக வேண்டுமென்றால், போன் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை லாக் செய்துவிடுகிறேன்.

அடுத்த தொல்லை, மெல்லிய கோடு போட்ட சட்டை. அசையும்போதெல்லாம் தோள்பட்டையில் வானவில் மாதிரி அலை ஓடும். துணியின் கோடுகளும் கேமராவில் படத்தைப் பதியும் சென்சாரின் பிக்சல் (புள்ளி) வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது இது, மோய்ரே என்பார்கள். எடிட்டிங்கில் இதை நீக்குவது பெரும்பாடு. அதனால் பொடிக்கோடு, பொடிக்கட்டம் இரண்டையும் ஒதுக்கிவிட்டேன்.

பளீர் சிவப்பும் வேண்டாம், விளிம்பில் கசிந்தது போலத் தெரியும். எலுமிச்சைப் பச்சையோ தாடைக்கு அடியில் பச்சைச் சாயல் ஏற்றும்.

இப்போதெல்லாம் கண்ணாடியை நம்புவதில்லை. சட்டையைப் போட்டு, அதே விளக்கில் சின்னதாக ஒரு வீடியோ எடுத்து, பெரிய திரையில் பார்க்கிறேன். பின்சுவரோடு நிறம் கலந்துவிட்டால் வேறு சட்டை.