மர வேலை மெஷின்களுக்கு ஸ்பேர் தேடும்போது காசைக் கரைக்கும் தவறுகள்

"பன்னிரண்டு அங்குல பிளேனருக்கு பேரிங் வேணும்" என்று கடையில் போய்க் கேட்பதில்தான் வீண்செலவு தொடங்குகிறது (பிளேனர் என்பது மரம் இழைக்கும் மெஷின்; பேரிங் என்பது சுற்றும் ஷாஃப்ட்டை, அதாவது தண்டைத் தாங்கும் வளையம்). அப்படிக் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? மெஷினை விற்றவரிடமே போகச் சொல்வார், இல்லையென்றால் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து நீட்டுவார். அங்கே போனால் விலை கூடும், இதை வாங்கினால் ஒரு நாள் வேலை கெடும். மரவேலை மெஷின் செய்கிற கம்பெனி பேரிங் செய்வதில்லை. பெல்ட், கண்டென்சர், சுவிட்ச், சர்க்ளிப் (ஷாஃப்ட்டில் பாகம் நழுவாமல் பிடிக்கும் வளையம்) இவற்றையும் பெரும்பாலும் வெளியில் வாங்கித்தான் பூட்டுகிறது. அதே பொருள் அதே நம்பரில் சென்னை பாரிமுனையிலோ கோவையிலோ உங்கள் ஊர் மோட்டார் கடையிலோ கிடைக்கும். மெஷினின் பெயரைச் சொல்லாமல் பொருளின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

பேரிங்கின் பக்கவாட்டில் அந்த நம்பர் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்த நாட்டில் செய்தாலும் இதே அளவுதான். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் ஷாஃப்ட்டின் தடிமன் வந்துவிடும்: 04 என்றால் 20, 06 என்றால் 30. 04க்குக் கீழே மட்டும் கணக்கு மாறும்; 03 என்பது 17, 02 என்பது 15. நம்பர் அழிந்துபோயிருந்தாலும் கவலையில்லை, வெர்னியர் என்ற அளவுகோலில் மூன்று அளவையும் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரரே நம்பரைச் சொல்லிவிடுவார்.

ஆனால் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு பின்னால் வரும் எழுத்துகளை விட்டுவிடுவது இன்னொரு தவறு. இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகரமூடி, டூ ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. தகரமூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். இழைக்கும்போது பறக்கும் மாவு போன்ற தூள் அதன் வழியே நுழைந்து கிரீஸோடு சேர்ந்து களியாகிவிடும். எனவே தூள் படும் இடத்தில், பழையதில் வேறு ஏதும் குறிப்பு இல்லாவிட்டால், ரப்பர் மூடி போட்டதே மேல். சி 3 என்று இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே குண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டது என்று பொருள். சூடாகும் மோட்டார்களில் வேண்டுமென்றே அப்படிப் போட்டிருப்பார்கள்.

பழைய அறுவை மில்களில் இருக்கும் பிரிட்டிஷ் மெஷின்களில் அங்குல அளவு பேரிங் இருக்கும். ஒரு அங்குலம் என்பது 25.4 மி.மீ. கடையில் 25 மி.மீ. பேரிங்தான் இருக்கிறது என்பதற்காக ஷாஃப்ட்டை எமரித் தாள் போட்டுத் தேய்த்து உள்ளே தள்ளுகிறவர்கள் உண்டு. தேய்த்த ஷாஃப்ட் வட்டமாக இருக்காது. பேரிங் அதன்மேல் வழுக்கிச் சுற்றும், கொஞ்ச நாளில் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டி வரும். அங்குல பேரிங் இன்றும் தயாராகிறது. ஆர்எல்எஸ் 8 என்பது ஒரு அங்குல ஷாஃப்ட்டுக்கானது, அந்தப் பெயரில் கேட்டுப் பாருங்கள். வரவழைக்க ஒரு வாரம் ஆனாலும் புது ஷாஃப்ட் கடைவதைவிட மலிவு.

பெயர்பெற்ற கம்பெனியின் பேரிங் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். போலி பேரிங் உலகம் முழுக்க இருக்கிற தொல்லை. எஸ்கேஎஃப் கம்பெனி இதற்கென்றே ஆதென்டிகேட் என்று ஒரு மொபைல் செயலி வைத்திருக்கிறது. விலை கட்டுப்படியாகாவிட்டால், பெரிய பெயரின் போலியைவிடச் சின்னக் கம்பெனியின் அசலை வாங்குவது புத்திசாலித்தனம். அப்புறம், நல்ல பேரிங் வாங்கி வந்து வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்து ஷாஃப்ட்டில் ஏற்றினால் வாங்கிய காசு அங்கேயே போச்சு. அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் தள்ள வேண்டும். அளவான ஒரு குழாய்த் துண்டு போதும்.

பெல்ட்டில் வேறு வகைக் குழப்பம். புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரம்) பள்ளத்தில் ஓடும் வி-பெல்ட்டுக்கு ஏ, பி என்று அளவு வகைகள் உண்டு. ஏ பெல்ட்டின் மேல்பக்க அகலம் 13 மி.மீ., உயரம் 8. பி பெல்ட் 17க்கு 11. எழுத்துக்குப் பிறகு வரும் எண் உட்புறச் சுற்றளவு, அங்குலத்தில். ஏ 42 என்றால் உள்ளே 42 அங்குலம். எழுத்து அழிந்த பழைய பெல்ட்டின் வெளிப்புறத்தை டேப் வைத்து அளந்து அதையே நம்பராகச் சொன்னால், ஏ பெல்ட்டில் ஏறத்தாழ 2 அங்குலம் கூடுதலாக வாங்கி வருவீர்கள். பழைய பெல்ட் இழுபட்டு நீண்டும் இருக்கலாம். மோட்டாரை அதன் நகர்வுப் பாதையில் நடுவுக்குக் கொஞ்சம் உள்தள்ளி வைத்து, இரண்டு புல்லியையும் சுற்றி ஒரு கயிறு போட்டு அளப்பது நம்பகமானது. கயிறு பள்ளத்தின் அடியில் இறங்கிவிடாமல், பெல்ட்டின் உட்பக்கம் ஓடும் உயரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு பெல்ட் ஓடும் மெஷினில் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால், இறுக்கமான புதியது தனியாகப் பாரம் சுமந்து சீக்கிரம் போகும். இரண்டையும் ஒன்றாக, ஒரே கம்பெனியில் வாங்குங்கள். அடிக்கடி பெல்ட் போகிறது என்றால் புல்லியைப் பாருங்கள். பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று இருந்தால் பக்கச் சுவர் தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். எத்தனை பெல்ட் வாங்கினாலும் நிற்காது.

சரி, புல்லியை மாற்றலாம் என்று போனால் அங்கேயும் ஒரு பொறி. "நாலு அங்குலம் இல்லை, அஞ்சு இருக்கு, போட்டுக்கோங்க" என்பார்கள். 2880 சுற்று மோட்டாரில் 4 அங்குலப் புல்லி இருந்து, ரம்பத்தின் பக்கம் 3 அங்குலம் இருந்தால் ரம்பம் 3840 சுற்று ஓடும். மோட்டாரில் 5 போட்டால் 4800. ரம்பத் தட்டின் மேல் அதிகபட்சச் சுற்று அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் பலர் நேராக வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சிங்கிள் பேஸ் மோட்டாராக இருந்தால் முதலில் கண்டென்சரைப் பார்க்க வேண்டும். வைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையும் வோல்ட்டையும் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். வோல்ட் கூடுதலாக இருக்கலாம், மைக்ரோஃபாரட் ஏறினால் மோட்டார் சூடாகும். கரண்டை நிறுத்திய பிறகும் கண்டென்சர் ஷாக் அடிக்கும், டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடாதீர்கள். மோட்டாரையே மாற்ற வேண்டி வந்தால் எச்.பி.யை மட்டும் பார்த்து வாங்குவதுதான் வழக்கமான தவறு. பெயர்ப்பலகையில் ஃப்ரேம் அளவு இருக்கும். ஃப்ரேம் 90 என்றால் காலிலிருந்து ஷாஃப்ட்டின் நடு வரை 90 மி.மீ. உயரம், ஷாஃப்ட் 24 மி.மீ. ஃப்ரேம் 100 என்றால் ஷாஃப்ட் 28. ஃப்ரேம் பொருந்தினால் பழைய புல்லியும் பழைய துளைகளும் அப்படியே உதவும். பொருந்தாவிட்டால் லேத் பட்டறைக்கும் வெல்டிங்குக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

போல்ட்டில் யாரும் கவனிக்காத வில்லங்கம் ஒன்று உண்டு. எம் 8 போல்ட்டும் 5/16 அங்குல போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தடிமனில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் மரை இடைவெளி வேறு. ஒன்றில் மற்றொன்றைப் போட்டால் இரண்டு மூன்று சுற்று நன்றாகப் போய் இறுகும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வார்ப்பிரும்பின் மரை உதிர்ந்துவிடும். கையால் கடைசி வரை ஏறாத போல்ட்டை நிறுத்திவிடுங்கள். பிளேனரின் கட்டர் பிளாக்கில் (கத்தி பூட்டிச் சுற்றும் உருளை) கத்தியைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு ஹார்டுவேர் கடையின் சாதா போல்ட் கூடவே கூடாது. பழையதின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எந்த வலிமை எண் பொறித்திருக்கிறதோ அதுவே வேண்டும்.

கத்தியை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், எடையும் சமமாக இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசு அளவுக்குத் துல்லியமான சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று பட்டறையில் இருப்பது நல்லது. கை பிளேனருக்கு அதிகக் கவலையில்லை; 82 மி.மீ. கத்தி பல கம்பெனிக்கும் பொதுவானது, தடிமனையும் துளை வடிவத்தையும் மட்டும் ஒத்துப் பாருங்கள். டிசிடி ரம்பத்தில் (கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பம்) நடுத்துளை 30 மி.மீ.யும் உண்டு, 25.4 மி.மீ.யும் உண்டு. துளை பெரிதாக இருந்தால் அதற்கென்றே விற்கிற ரிங் போட வேண்டும். தகரத்தைச் சுருட்டித் திணிப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். ரம்பம் நடு விலகிச் சுற்றும், ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் வெட்டும், யாருக்காவது காயம் பட்டால் அப்போதுதான் தெரியும்.

கைக்கருவிகளின் கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், கியர் போன்றவற்றுக்கு மட்டும் மாடல் நம்பர் அவசியம். மக்கிட்டா, போஷ் போன்ற கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் பிரித்துப் போட்ட படமும் பாக நம்பரும் இணையத்தில் வைத்திருக்கின்றன. அந்த நம்பரைக் கண்டுபிடித்த பிறகு விலை விசாரியுங்கள்.

கம்பெனியே மூடிப்போன மெஷினில் கியர் உடைந்தால் எல்லாம் முடிந்தது என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பற்களை எண்ணுங்கள், வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நேர்ப்பல் கியரில் பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வரும் எண்ணால் வெளிவிட்டத்தை வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு வரும்: 30 பல், 64 மி.மீ. என்றால் மாட்யூல் 2. இந்தத் தகவலோடு போனால் கியர் வெட்டும் பட்டறையில் செய்து தருவார்கள். உடைந்தது நைலான் கியராக இருந்தால் "இரும்பிலேயே போட்டுடலாம், உடையாது" என்பார்கள். மரம் சிக்கினால் முதலில் உடைவதற்காகவே அதை நைலானில் வைத்திருக்கலாம். இரும்பாக மாற்றினால் அடுத்த முறை கியர்பாக்ஸ் உடையும். நைலானிலேயே இரண்டாகச் செய்து ஒன்றை அலமாரியில் வையுங்கள். வார்ப்பிரும்புக் கைப்பிடியோ தாங்கியோ உடைந்தால் சாதா வெல்டிங் ராடில் ஒட்டவைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். பித்தளையை உருக்கி ஒட்டும் பிரேசிங், இல்லையென்றால் வார்ப்பிரும்புக்கான நிக்கல் ராட், அதுவும் சூடுபடுத்தி மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரிடம்.