அலமாரிப் பூஞ்சைக்கு நான் செய்தது

டிசம்பர் மழை தொடங்கினால் போதும், சிங்கப்பூரின் பொங்கோல் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு அலமாரியில் பட்டுப்புடவை, தோல் பெல்ட் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை படரும். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை எடுக்காது.

சரி என்று ஈரப்பதமானி ஒன்று வாங்கினேன். அதிகாலையில் 90 சதவீதத்தைத் தாண்டியது! சிங்கப்பூரில் விடியலில்தான் உச்சம். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 வரை இறங்கும். அதனால் சன்னலை இப்போது வெயில் ஏறிய பிறகே திறக்கிறோம். (அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை.) அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினோம். ஈரத்துணி அறைக்குள் காய்வதில்லை.

அப்புறம் டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவி. ஈரப்பதம் 55 சதவீதம் என்று வைத்து, கதவைச் சாத்தி, அலமாரியைத் திறந்துவிட்டு ஓட்டுகிறேன். ஏர்கானில் ஈரத்தை எடுக்கும் 'டிரை மோடும்' உதவும், ஆனால் அறை சில்லிட்டுப்போகும். மழைநாளில் அது வேண்டாம்.