கொந்தளிக்கும் கூட்டத்தின் மேல் காம் எமோஷன்ஸ் மந்திரத்தைப் போடுவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ஊரே திரண்டு வரும்போது பல குழுக்கள் உடனே வாளை உருவிவிடுகின்றன. தயவுசெய்து வேண்டாம், அவர்கள் பயந்துபோன விவசாயிகள். உங்கள் குழுவில் மூன்றாம் லெவல் கிளெரிக்கோ (தெய்வ சக்தியால் மந்திரம் போடுபவர்) பார்டோ (பாட்டால் மந்திரம் போடுபவர்) இருந்தால், கோபத்தைத் தணிக்கும் காம் எமோஷன்ஸ் மந்திரமே போதும். நான் சொல்வது ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்து.

60 அடி தூரத்துக்குள் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், அதைச் சுற்றி 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் மனித உருவினர் (ஹியூமனாய்டு) எல்லாரும் கரிஸ்மா சேவிங் த்ரோ, அதாவது மந்திரத்திலிருந்து தப்பிக்க 20 முக டைஸ், போட வேண்டும். அந்தப் புள்ளியைக் கூட்டத்தின் நடுவில் வைக்காதீர்கள், கத்திக் கத்தி மற்றவர்களைக் கிளப்பிவிடுகிற ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கே வையுங்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். விஸ்டம் 16 உள்ள மூன்றாம் லெவல் கிளெரிக்கின் டிசி, அதாவது தப்பிக்கத் தேவையான எண், 8+2+3 (அடிப்படை, லெவலுக்கான போனஸ், விஸ்டம் போனஸ்), மொத்தம் 13. சாதாரண ஊர்க்காரருக்குக் கரிஸ்மா 10தான், கூட்டிக்கொள்ள எதுவும் இல்லை, டைஸில் 13க்குக் குறைந்தால் மாட்டிக்கொள்வார். ஆக 20 பேரில் சுமார் 12 பேர் அடங்குவார்கள், மீதி 8 பேர் கொதிப்போடுதான் இருப்பார்கள்.

அந்த எட்டுப் பேரிடம்தான் எல்லாம் கெட்டுப்போகும். அடங்கியவருக்கு உங்கள் மேல் பாசம் வந்துவிடவில்லை, பகை மட்டும் தற்காலிகமாக விட்டுப்போயிருக்கிறது, தன் நண்பர் ஒருவருக்கு அடிபடுவதைக் கண்ணால் பார்த்தால் அதுவும் போய்விடும். அதனால் மந்திரம் போடுவதற்கு முன்பே உங்கள் குழுவின் முரட்டுச் சண்டைக்காரரான பார்பேரியனிடம் சொல்லிவையுங்கள், யாராவது பாய்ந்தால் பிடித்து நிறுத்து, காயம் மட்டும் படக்கூடாது என்று. மந்திரம் போட்டவரை இன்னொருவர் மறைத்துக்கொண்டு நிற்பதும் அவசியம், அவருக்கு ஒரு கல் பட்டாலும் மந்திரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கான்சென்ட்ரேஷன் கலையலாம்.

சரி, இனி மந்திரம் நீடிக்கும் அந்த ஒரு நிமிடம். ஆறு விநாடிச் சுற்றுகளாகப் பத்து ரவுண்டுதான், முடிந்ததும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) வேறு மாதிரி முடிவு செய்யாவிட்டால் பழைய கோபம் அப்படியே திரும்பிவிடும். என்ன பேசப்போகிறோம் என்பதை மந்திரம் போட்ட பிறகு யோசித்தால் நேரம் போய்விடும், நான் அப்படி ஒரு முழு நிமிடத்தை நியாயம் பேசியே வீணாக்கி, கடைசியில் எல்லாரும் வேலி தாண்டி ஓட வேண்டியதாயிற்று. நியாயத்தை விட்டுவிட்டு, கோபத்துக்குக் காரணம் எதுவோ அதை மட்டும் எடுங்கள். குழந்தை காணாமல் போயிருக்கிறது, உங்கள் குழுவில் இருக்கும் கொம்பு வைத்த டீஃப்ளிங் இனத்தவர் மேல் சந்தேகம் என்றால், "இப்போதே தேடப் போகிறோம், உங்களில் இரண்டு பேர் கூட வாருங்கள்" என்று தலைவரிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் சம்மதித்து நாலு அடி நடந்துவிட்டால், மந்திரம் தீர்ந்த பிறகும் கூட்டம் சேர்ந்து நிற்கக் காரணம் குறைவு, பெரும்பாலான டிஎம்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

தலைவர் ஒப்புக்கொள்ளவில்லையா? ஏழாவது ரவுண்டிலேயே கிளம்பிவிடுங்கள்.