பத்திரிகைச் செய்தி எப்போது மானநஷ்டம் ஆகும்?

பேச்சில் எல்லாவற்றையும் 'அவதூறு வழக்கு' என்கிறோம். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. சிறைத்தண்டனை வரை போகக்கூடிய கிரிமினல் வழக்குக்கு உரியது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 356-ஆம் பிரிவு. நஷ்டஈடு கேட்டு சிவில் நீதிமன்றத்தில் போடும் மானநஷ்ட வழக்கு வேறு. அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. தீர்ப்புகளிலிருந்து வளர்ந்த சட்டம்தான். கிரிமினலில் செய்தி உண்மை என்றால் மட்டும் போதாது, பொதுநலனும் வேண்டும். சிவிலில் உண்மை ஒன்றே முழுத் தற்காப்பு. பொய் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உண்மை என்று பத்திரிகைதான் நிரூபிக்க வேண்டும்.

வக்கீலைப் பார்க்கும் முன், செய்தியை முன்பின் தெரியாத ஒருவர் படிப்பதுபோல் படியுங்கள். உள்ளே "பணம் கையாடியதாகப் புகார், போலீசார் வழக்குப்பதிவு" என்று இருக்கும். எஃப்ஐஆர் உண்மையிலேயே இருந்தால் அதில் பிடி கிடைப்பது கடினம். ஆனால் தலைப்பில் "ரூ.10 லட்சம் சுருட்டிய சங்க நிர்வாகி" என்று போட்டிருந்தால் புகார் போய் தீர்ப்பே ஆகிவிட்டது. தலைப்பையும் உள்ளே இருப்பதையும் சேர்த்தே நீதிமன்றம் படிக்கும். "கூறப்படுகிறது" என்று முடித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நிருபர்கள் சிலர் நம்புகிறார்கள். தப்பிக்க முடியாது, பிறர் சொன்ன பழியைத் திருப்பி அச்சிட்டாலும் பொறுப்பு உண்டு.

பெயர் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. "பேருந்து நிலையம் எதிரே உள்ள நகைக்கடை உரிமையாளர்" என்றால், அங்கே ஒரே நகைக்கடைதான் என்றால், அது போதும். "இந்த ஊர் வியாபாரிகள் எல்லாம் திருடர்கள்" என்றால் யாரும் தனியாக வழக்குப் போட முடியாது. சிவில் வழக்கில் கெட்ட எண்ணம் இருந்ததா என்பதும் முக்கியமில்லை. 2008-இல் டைம்ஸ் நவ் தொலைக்காட்சி ஊழல் செய்தி ஒன்றில் நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைத் தவறுதலாக 15 விநாடி காட்டியது. 2011-இல் புனே நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது.

அரசு அதிகாரிகளுக்கு அளவுகோல் கடுமையானது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னது இது: அலுவல் சார்ந்த நடத்தை பற்றிய செய்தி பொய்யாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலைப்படாமல் வெளியிட்டார்கள் என்று அதிகாரி காட்ட வேண்டும். நியாயமான அளவு விசாரித்துவிட்டுத்தான் போட்டோம் என்று பத்திரிகை நிரூபித்தால் போதும். அரசோ, நகராட்சியோ தன் பெயர் கெட்டது என்று நஷ்டஈடு கேட்கவே முடியாது. சட்டமன்ற நடவடிக்கையைப் பெருமளவு உள்ளபடி வெளியிட்ட செய்திக்கு அரசமைப்பின் 361-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது, தீய நோக்கம் இல்லாதவரை.

பலர் கோட்டை விடுவது தேதியில். சிவில் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் தருவது ஒரே ஒரு வருடம், அதுவும் செய்தி வெளியான நாளிலிருந்து. நோட்டீஸ் அனுப்பி பதிலுக்குக் காத்திருப்பதால் கடிகாரம் நிற்காது. ஆகவே செய்தியை மட்டும் கத்தரிக்காமல் இதழை முழுதாக வைத்திருங்கள். எந்த ஊர்ப் பதிப்பு என்பதும், அச்சிட்டு வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் உள்ள வரியும் வேண்டும், நோட்டீஸ் அவர்களுக்குத்தான் போகும். இணையப் பக்கமென்றால் முகவரி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றும் (மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ்) இணைக்க வேண்டும். பிராதில் (வழக்கு மனுவில்) அச்சான சொற்களை அப்படியே தமிழில் எழுத வேண்டும். சாரத்தைச் சொன்னால் அங்கேயே வழக்கு பலவீனமாகும். படித்ததும் உங்களைத்தான் சொல்கிறது என்று புரிந்துகொண்ட இரண்டு பேராவது சாட்சி சொல்லட்டும்.

தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். ஒரு கோடி கேட்டால் 3 லட்சம் முதலில் உங்கள் கையிலிருந்து போகும். வழக்கு முடியும் வரை செய்தியை நிறுத்திவைக்கும் இடைக்காலத் தடையாணை சுலபத்தில் கிடைக்காது என்பதை 2024-இல் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்லிவிட்டது. பத்திரிகை மறுப்பு வெளியிட முன்வந்தால், எந்தப் பக்கம், எவ்வளவு பெரிய எழுத்து என்று எழுத்தில் வாங்குங்கள். 'இத்துடன் திருப்தி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு நஷ்டஈடு கேட்பது கடினம்.